சாக்ரெஸில் இல்லாத பள்ளியும் லாகோஸில் நடந்த விற்பனையும்: பாடநூல் ஆசிரியர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

எங்கள் பள்ளியில் பயன்படுத்தப்படும் உங்கள் வரலாற்றுப் பாடநூலில், 'மாலுமி ஹென்றி' என்று அறியப்படும், 15ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கல் இளவரசர் ஹென்றியைப் பற்றிய பகுதி அடுத்த பதிப்பிலும் ஓரெழுத்துகூட மாறாமல் வெளிவரும் என்று நீங்கள் முடிவு செய்திருப்பது குறித்து இந்த மடலை எழுதுகிறேன். அப்பகுதியில் உள்ள பிழைகளைச் சுட்டி நான் முன்பே எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதிலில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. போர்த்துக்கலின் தென்மேற்கு முனையில் உள்ள சாக்ரெஸில் அவர் நிறுவியதாகச் சொல்லப்படும் கடற்பயணப் பள்ளி பற்றிய செய்தி பல நூல்களில் வழிவழியாக இடம்பெற்று வருவதால் அதை நீக்கத் தேவையில்லை என்பது ஒன்று. அடிமை விற்பனை பற்றிய செய்திகள் இந்த வயது மாணவர்களுக்குப் பொருந்தாதவை என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. தனிப்பட்ட கடிதத்துக்குப் பயன் கிடைக்காததால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

கடந்த பொதுத் தேர்வில், ஹென்றி கடற்பயணப் பள்ளியை எங்கே நிறுவினார் என்று ஒரு மதிப்பெண் வினா கேட்கப்பட்டது. என் மாணவி ஒருத்தி, அப்படி ஒரு பள்ளி இருந்ததற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை என்றும், அவருடைய கப்பல்கள் பெரும்பாலும் போர்த்துக்கலின் தென்கரையில் உள்ள லாகோஸ் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டன என்றும் எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் 'சாக்ரெஸ்' என்ற ஒரே சொல் இருந்ததால் அவளுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணைவிட அவள் என்னிடம் கேட்ட கேள்விதான் என்னை உறுத்துகிறது. "நூல்ல தப்பா இருந்தா, தப்பத்தான் எழுதணுமா டீச்சர்?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த தேர்விலும் அவள் மதிப்பெண்ணை இழப்பாள்.

உங்கள் நூல் சொல்வது இது. ஹென்றி கடல்மீது தீராத ஆர்வம் கொண்டவர். சாக்ரெஸில் பள்ளி ஒன்றை நிறுவி வானியல் அறிஞர்களையும் நிலப்பட வல்லுநர்களையும் அழைத்துவந்து மாலுமிகளுக்குப் பயிற்சி அளித்தார். அதன் பயனாக ஐரோப்பியர் உலகைக் கண்டறிந்தனர். மூன்று பத்திகளும் ஒரு படமும் கொண்டது அந்தப் பகுதி. பெரிய கறுப்புத் தொப்பி அணிந்த அந்த முகம் அவருடையதுதானா என்பதே இன்றும் அறிஞர்களிடையே விவாதத்தில் இருக்கிறது. இருப்பினும் படத்தின் அடியில் ஐயத்துக்கு இடமின்றி அவர் பெயரை அச்சிட்டிருக்கிறீர்கள்.

1394ஆம் ஆண்டு போர்ட்டோ நகரில் முதலாம் ஜான் மன்னருக்கும் லங்காஸ்டர் குடும்பத்துப் பிலிப்பாவுக்கும் பிறந்த ஹென்றி, 1415இல் மொராக்கோக் கரையில் சியூட்டா நகரைப் பிடித்த படையெடுப்பில் பங்கேற்றார். 1437இல் டாஞ்சியர்மீது அவர் தலைமை தாங்கி நடத்திய போர் படுதோல்வியில் முடிந்தது; அங்கே பிணையாக விடப்பட்ட அவருடைய தம்பி பெர்னாண்டோ 1443இல் ஃபெஸ் நகரச் சிறையிலேயே இறந்தார். மொராக்கோவுக்கு அப்பால் ஹென்றி தாமே கப்பலேறிச் சென்றதில்லை. 'மாலுமி' என்ற பட்டமும் அவர் வாழ்ந்த காலத்தில் இருந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய, ஆங்கிலேய எழுத்தாளர்கள் பரப்பியது. அவர் கப்பல்களை அனுப்பியவர், செலவை ஏற்றவர், வருவாயில் பங்கு பெற்றவர். புரவலர் என்று எழுதினால் அது உண்மை.

சாக்ரெஸைப் பொறுத்தவரை, 1443இல் அப்பகுதியில் அவருக்கு நிலம் வழங்கப்பட்டது. அங்கே சிற்றூர் ஒன்றை உருவாக்கினார். 1460 நவம்பர் 13 அன்று அங்கேயே இறந்தார். செயின்ட் வின்சென்ட் முனையைச் சுற்றிக் கடக்கக் காற்றுக்காகக் காத்துக் கிடக்கும் கப்பல்களுக்கு அது உதவும் இடம். ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கல்விக்கூடம் என்று அதை அக்கால ஆவணம் எதுவும் குறிப்பிடவில்லை. அவர் காலத்துக்கு வெகு பின்னால் வந்த எழுத்தாளர்கள் ஒவ்வொருவராகச் சேர்த்து வளர்த்த செய்தி அது. போர்த்துக்கல் நாட்டின் கடல்சார் வரலாற்று அறிஞர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். மஜோர்க்காவிலிருந்து நிலப்படம் வரையும் வல்லுநர் ஒருவரை அவர் வரவழைத்தார் என்ற செய்தி உண்டு, அதைச் சொல்லலாம். ஒரு வல்லுநரை அழைத்ததிலிருந்து ஒரு பள்ளியைக் கட்டி எழுப்பக் கூடாது.

இந்தக் கதையால் வேறோர் இழப்பும் நேர்கிறது. உண்மையில் நடந்த கடலறிவு வளர்ச்சி, இல்லாத பள்ளியின் பின்னால் மறைந்துபோகிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் காற்றும் நீரோட்டமும் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. போவது எளிது, திரும்புவதுதான் கடினம். பொஜடோர் முனைக்குத் தெற்கே போக மாலுமிகள் அஞ்சியதற்கு மூடநம்பிக்கை மட்டும் காரணமன்று. கரையிலிருந்து வெகுதூரம்வரை நீண்டிருக்கும் ஆழமற்ற கடலும், மூடுபனியும், திரும்பும் வழி தெரியாமையும் காரணங்கள். 1434இல் ஹென்றி அனுப்பிய மாலுமி ஜில் இயானெஸ் அந்த முனையைத் தாண்டித் திரும்பினார். பின்னர் வந்தவர்கள், கரையை ஒட்டி வடக்கே போராடிப் பயனில்லை என்று கண்டு, கரையை விட்டு வடமேற்காக நடு அட்லாண்டிக் நோக்கி ஓடி, அசோரஸ் தீவுகள் இருக்கும் அகலக்கோட்டை அடைந்து, அங்கே மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து ஊர் திரும்பும் முறையைப் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். காற்றை எதிர்த்து ஓரளவு சாய்வாக ஓடக்கூடிய முக்கோணப் பாய் கட்டிய காரவெல் கப்பல்கள் அதற்குத் துணை நின்றன. கொலம்பஸ் அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் இந்த அறிவைக் கொண்டுதான். இது எந்த வகுப்பறையிலும் உருவானதன்று. உயிரைப் பணயம் வைத்து ஓடிய மாலுமிகள் கடலில் கற்றது.

இதை நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியபோது வகுப்பில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பள்ளி முத்துக்குளித்துறைக் கரையில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் கடல்தொழில் செய்யும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளின் பெயர்களை அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் பையன் எழுந்து, "வெலங்க ஓடி, காத்தப் புடிச்சுக் கர சேருத மாதிரியா டீச்சர்?" என்று கேட்டான். வெலங்க என்றால் அவர்கள் பேச்சில் ஆழ்கடல் பக்கம். ஆமாம் என்றேன். பிறகு அவனே பலகைக்கு வந்து, பாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வரைந்து காட்டினான். உங்கள் நூலின் மூன்று பத்திகளில் அந்தப் பையனுக்கு ஒட்டிக்கொள்ள இடமே இல்லை.

இனி நீங்கள் விட்டுவிட்ட செய்திக்கு வருகிறேன். என் வருத்தத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

ஹென்றியின் புகழைப் பாடுவதற்காகவே எழுதிய அரசவை வரலாற்றாசிரியர் கோமெஸ் இயானெஸ் டி சுராரா. அவர் 1453இல் முடித்த, கினி என்று அன்று அழைக்கப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டே இதைச் சொல்கிறேன்; பகைவர் எழுதியது என்று யாரும் ஒதுக்க முடியாத சான்று அது. ஜில் இயானெஸ் 1434இல் பொஜடோருக்கு அப்பாலிருந்து கொண்டுவந்தது சில செடிகள் மட்டுமே. 1436இல் இன்னும் தெற்கே சென்றவர்கள் கடல்நாய்த் தோல்களோடு திரும்பினார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது, வரவு இல்லை. இளவரசர் பணத்தை வீணாக்குகிறார் என்று மக்கள் முணுமுணுத்தார்கள் என்று சுராராவே எழுதுகிறார். 1441இல் அன்தாவ் கொன்சால்வெஸும் நூனோ திரிஸ்தாவும் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு முணுமுணுப்பு புகழுரையாக மாறியது. அண்டை அயலார் வீடுகளில் அடிமைகள் நிறைந்ததைக் கண்டவர்கள் அவரை இன்னோர் அலெக்சாந்தர் என்று கொண்டாடினார்கள். 1443இல், பொஜடோருக்குத் தெற்கே அவர் அனுமதியின்றி எவரும் கப்பல் செலுத்தக் கூடாது என்ற தனியுரிமையும், அங்கிருந்து வருவனவற்றில் அரசருக்குரிய ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு வழங்கப்பட்டன. அதுவரை தயங்கி நின்ற லாகோஸ் நகரத்துக்காரர்கள் தங்கள் சொந்தச் செலவில் கப்பல் ஓட்ட அனுமதி கேட்டு முன்வந்தார்கள்.

அவர்களில் லன்சரோத்தே என்பவர் தலைமையில் சென்ற ஆறு கப்பல்கள் 1444இல் 235 பேரைப் பிடித்துக்கொண்டு லாகோஸ் திரும்பின. ஆகஸ்டு 8 அன்று, வெயில் ஏறும் முன்பே, அவர்களைக் கரையிறக்கி நகர வாயிலுக்கு வெளியே இருந்த திடலில் நிறுத்தினார்கள். அன்று வேலையை விட்டுவிட்டு ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. கூட்டத்தை ஐந்து பங்காகப் பிரித்தபோது கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும், பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமும் போனார்கள். பிரிக்கப்பட்ட பிள்ளைகள் எழுந்து தாய்தந்தையரிடம் ஓடினார்கள்; தாய்மார்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்து, அடிகளைத் தங்கள் உடம்பில் வாங்கிக்கொண்டார்கள். இளவரசர் ஹென்றி குதிரைமீது அமர்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குரிய ஐந்தில் ஒரு பங்கு 46 பேர். அவர்களை அங்கேயே தம்மைச் சேர்ந்தவர்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டார். இவர்களின் ஆன்மாக்கள் மீட்கப்படும் என்ற மகிழ்ச்சியே அவருக்குப் பெரிதாக இருந்தது என்று சுராரா எழுதுகிறார்.

அது அந்தக் காலத்து வழக்கம், இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது என்று உங்கள் குழுவில் யாரேனும் சொல்லக்கூடும். அடிமை வணிகத்தை ஹென்றி தொடங்கிவைக்கவில்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றியும் ஆப்பிரிக்காவுக்குள்ளும் அது முன்பே இருந்தது. ஆனால் அந்தத் திடலில் நடந்ததைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாக எழுதியவர் அவருடைய அரசவை எழுத்தாளரே. அவர்களும் ஆதாமின் மக்கள் என்ற எண்ணம் தம்மை அழவைத்தது என்று அவர் எழுதியிருக்கிறார். 15ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவரின் கண்ணுக்குத் தெரிந்த துன்பத்தை 21ஆம் நூற்றாண்டுப் பாடநூல் மறைக்கிறது என்பதுதான் என் குறை. தம் வரலாற்றில் 1448 வரை கொண்டுவரப்பட்டவர்களாக அவர் தரும் எண்ணிக்கை 927. நூனோ திரிஸ்தாவ் 1446இல் நச்சு அம்பு பட்டு இறந்த பிறகு, ஆப்பிரிக்கர்கள் எதிர்த்துப் போரிட்டதாலேயே, ஆட்பிடிப்பு குறைந்து பண்டமாற்று வளர்ந்தது. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய அர்கீன் தீவு அதற்கு மையமாயிற்று. ஒரு குதிரைக்குப் பத்து, பதினைந்து பேர் வரை மாற்றப்பட்டதாக, ஹென்றியிடம் பணிபுரிந்த வெனிஸ் நகரத்துக் கடமோஸ்தோ குறித்துவைத்திருக்கிறார்.

மதெய்ராவையும் நீங்கள் புதிய தீவு கண்டுபிடிக்கப்பட்டது என்ற ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். அங்கே கரும்பு பயிரானது. 1452இல் கரும்பு பிழிய நீர்விசையால் இயங்கும் ஆலை அமைக்க ஹென்றி ஒப்பந்தம் செய்தார். கரும்பும் அடிமை உழைப்பும் அட்லாண்டிக் தீவுகளில் சேர்ந்த அந்தச் சேர்க்கை பின்னாளில் பிரேசிலுக்குப் போனது. அடிமை வணிகத்தை ஐந்து பாடங்கள் தள்ளி, ஆங்கிலேயர் காலத்தில் திடீரென்று தொடங்குவதாகக் காட்டும் நூலைப் படிக்கும் மாணவருக்கு இந்தத் தொடர்ச்சி தெரிய வழியே இல்லை. கப்பல்கள் ஏன் ஆண்டுக்கு ஆண்டு இன்னும் தெற்கே போயின, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உங்கள் பாடத்தில் 'ஆர்வம்' என்ற ஒரு விடைதான் இருக்கிறது. ஆர்வமும் இருந்தது; பொஜடோருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறியும் விருப்பத்தைச் சுராராவே முதல் காரணமாகச் சொல்கிறார். ஆனால் செடிகளையும் தோல்களையும் கொண்டு அந்தப் பயணங்கள் நீடித்திருக்க முடியாது.

இந்த வரலாற்றுக்கும் எங்கள் கரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1455 சனவரியில் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலஸ் வெளியிட்ட ஆணை, ஹென்றியின் பெயரைச் சொல்லியே, ஆப்பிரிக்கக் கடல்வழியில் போர்த்துக்கலுக்குத் தனியுரிமை அளித்து, கிறிஸ்தவரல்லாதாரை நிரந்தர அடிமைகளாக்கும் உரிமையையும் உறுதிசெய்தது. மறு ஆண்டு மூன்றாம் கலிஸ்துஸின் ஆணை, ஹென்றி தலைமை வகித்த கிறிஸ்து சபை என்ற சமயப் படைவீரர் அமைப்புக்கு, இந்தியர் வாழும் நாடுவரை சமய அதிகாரத்தை வழங்கியது. அந்த ஏற்பாட்டின் வழியில்தான் 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றதும், 1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்ததும் நடந்தன. என் வருகைப் பதிவேட்டில் பர்னாந்து, கோமஸ், மச்சாது என்று பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரின் தொலைதூரத் தொடக்கத்தை முழுமையாக அறியும் உரிமை இருக்கிறது.

வயதுக்குப் பொருந்தாது என்கிறீர்கள். சியூட்டா படையெடுப்பை வீரச்செயலாக அதே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்; ஒரு நகரம் சூறையாடப்பட்டது பொருந்துமானால், தாயிடமிருந்து பிள்ளை பிரிக்கப்பட்டது ஏன் பொருந்தாது? அந்தத் திடலில் நின்றவர்களில் என் மாணவர்களின் வயதினரும், அவர்களைவிடச் சிறியவர்களும் இருந்தார்கள். 2009இல் லாகோஸ் நகர மதிலுக்கு வெளியே வாகன நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன, கட்டப்பட்ட நிலையில் புதைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். போர்த்துக்கல் நாட்டிலேயே இதைப் பற்றிய விவாதம் நடக்கிறது. லாகோஸில் ஹென்றியின் சிலை நிற்கும் சதுக்கத்திலேயே அடிமைச் சந்தை அருங்காட்சியகமும் இயங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் பார்க்க முடியும். அவர் பிறந்த நாட்டில் பேசக்கூடியதை நம் வகுப்பறையில் ஏன் மறைக்க வேண்டும்?

ஹென்றியை நூலிலிருந்து நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கடலறிவு வளர அவர் தந்த இடைவிடாத ஆதரவு பெரிது. அது இல்லாமல் பொஜடோர் இன்னும் பல ஆண்டுகள் எல்லையாகவே இருந்திருக்கும். அந்த ஆதரவும் லாகோஸ் விற்பனையும் ஒரே முயற்சியின் இரு கூறுகள் என்பதால் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எனவே, அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். சாக்ரெஸ் கடற்பயணப் பள்ளி பற்றிய வாக்கியங்களை நீக்கி, அந்த இடத்தில் அட்லாண்டிக் காற்றுகளைக் கொண்டு மாலுமிகள் ஊர் திரும்பிய முறையை ஒரு வரைபடத்துடன் விளக்குங்கள். 1441 முதல் 1444 வரை நடந்தவற்றை, ஆகஸ்டு 8 உட்பட, சுராராவின் பெயரைச் சொல்லி ஒரு முழுப் பத்தியில் எழுதுங்கள். 1455, 1456 ஆணைகளை நம் கரையோர வரலாற்றுப் பாடத்தோடு இணைத்துக் காட்டுங்கள். படத்தின் அடியில் 'ஹென்றியாகக் கருதப்படுபவர்' என்று திருத்துங்கள். புதிய பதிப்பு வரும்வரை, இப்போது புழக்கத்தில் உள்ள நூலுக்குத் திருத்தத் தாள் ஒன்றை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். வினாத்தாள் தயாரிப்போருக்கு எழுதி, சாக்ரெஸ் பள்ளி பற்றிய வினாவை வினா வங்கியிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். சான்றுடன் மாற்று விடை எழுதிய மாணவர்களின் தாள்களை மறுமதிப்பீடு செய்யவும் பரிந்துரையுங்கள். இவற்றில் எதையேனும் ஏற்க இயலாது என்றால், எந்தச் சான்றின் அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்து வடிவில், ஆசிரியர்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முத்துக்குளித்துறைக் கரையோரப் பள்ளியின் வரலாற்று ஆசிரியை